உயிரோடிருப்போர் யார்? ‘போர்ட்டல்’ விளையாட்டின் நிறைவுப் பாடலில் கூற்றும் வேற்றுமையும்

ஆய்வுச் சுருக்கம்

2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘போர்ட்டல்’ என்னும் கணினி விளையாட்டின் இறுதியில் ஒலிக்கும் ‘ஸ்டில் அலைவ்’ என்ற பாடல் பரவலாக ஒரு நகைச்சுவைப் பாடலாகவே அறியப்பட்டுள்ளது. அதன் பொருள் சொற்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதும், கூறுபவர், கேட்பவர், களன் ஆகியவற்றின் உறவிலேயே அது உருவாகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. பாடலின் நடுவே நிகழும் ஒரு சிறிய வேற்றுமை மாற்றம் முழுப் பாடலையும் திருப்பிவிடுவதைத் தமிழ் இலக்கணக் கருத்துகளின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. விளையாட்டின் இறுதிக்காட்சி 2010இல் மாற்றப்பட்டபோது, ஓரெழுத்தும் மாறாத அப்பாடலின் பொருள் மாறியதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, பாடல், கூற்று, கேட்போர், களன், வேற்றுமை, இலேசம்.

முன்னுரை

திரைப்படப் பாடலைப் படத்திலிருந்து பிரித்துக் கேட்பது தமிழர்க்குப் பழகிய ஒன்று. வானொலியே அப்பழக்கத்தை ஊட்டியது. யார் பாடுகிறார், எந்தச் சூழலில் பாடுகிறார் என்பதை அறியாமலே பல பாடல்கள் மனப்பாடமாகியுள்ளன. கணினி விளையாட்டுப் பாடல்களுக்கும் இன்று அதே நிலை வாய்த்திருக்கிறது. விளையாட்டை ஒருமுறையும் ஆடாதவர்கள் இணையத்தில் அவற்றைக் கேட்கிறார்கள், பாடுகிறார்கள், பொருள் சொல்கிறார்கள். அவ்வாறு பிரித்துக் கேட்கும்போது பாடல் இழப்பது எது என்ற கேள்விக்கு ‘ஸ்டில் அலைவ்’ தெளிவானதொரு சான்று.

‘போர்ட்டல்’ அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் உருவாக்கியது. 2007 அக்டோபரில் ‘தி ஆரஞ்ச் பாக்ஸ்’ என்னும் தொகுப்பில் ஒன்றாக வெளிவந்தது. பாடலை எழுதி இசையமைத்தவர் ஜொனாதன் கோல்ட்டன். இவர் மென்பொருள் எழுதும் பணியை விட்டு இசைக்கு வந்தவர். பாடியவர் எல்லன் மெக்லேன். ஆபரா இசையில் பயிற்சி பெற்ற இவரே விளையாட்டு முழுவதும் கிளாடோஸ் என்னும் கணினியின் குரலாகவும் ஒலிக்கிறார். பாடல் ஏறத்தாழ மூன்று நிமிடம் நீள்வது, மெட்டு துள்ளலானது, சொற்கள் எளியவை. அதன் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளப் பள்ளி மாணவருக்கும் அகராதி தேவைப்படாது. பொருள் சொல்வதோ அத்தனை எளிதாக இல்லை.

களன்

அபெர்ச்சர் சயின்ஸ் என்னும் ஆய்வு நிறுவனத்தின் நிலவறைக் கூடத்தில் ஒரு பெண் கண்விழிக்கிறாள். அவள் பெயர் செல் (தமிழ் எழுத்தில் அது ஏவல் வினையாகவும் அமைந்துவிடுவது தற்செயலே). விளையாட்டில் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆடுபவர் அவள் கண்வழியாகவே பார்க்கிறார். சுவரில் வாயில்களைத் திறக்கும் ஒரு கருவியைக் கொண்டு அறை அறையாகச் சோதனைகளைக் கடக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கிளாடோஸ் வழிநடத்துகிறது. சோதனைகளின் முடிவில் கேக் உண்டு என்று ஆசை காட்டுகிறது. இடையில் ஓர் அறையில் துணைப்பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் பற்று வளரச் செய்து, பின் அதனை உலையில் இடச் சொல்கிறது. கடைசிச் சோதனையின் முடிவில் கேக்குக்குப் பதில் தீக்குழி காத்திருக்கிறது. நாயகி தப்பிக்கிறாள், கிளாடோஸைத் தேடிச் சென்று, அதன் உடலில் பொருந்தியிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உலையில் எரிக்கிறாள். வெடிப்பு நிகழ்கிறது. நாயகி தரைமேல், இடிபாடுகளுக்கிடையே பகல் வெளிச்சத்தில் கிடக்கிறாள். காட்சி மீண்டும் நிலவறைக்கு இறங்குகிறது. அங்கே ஒரு கேக் உண்மையிலேயே இருக்கிறது, அருகில் துணைப்பெட்டி. சுற்றிலும் வேறு பல உருண்டைகள் ஒளிபெறுகின்றன. இயந்திரக் கை ஒன்று மெழுகுவத்தியை அணைக்கிறது. அதன் பின்னரே பாடல் தொடங்குகிறது.

இதனை இத்தனை விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த முப்பத்துநான்கு உறுப்புகளில் மாத்திரை, அசை, சீர் போன்ற ஒலிசார்ந்த உறுப்புகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகியனவும் இடம்பெற்றுள்ளன. யார் சொன்னது, யார் கேட்டது, எங்கே என்பவை அவருக்குச் செய்யுளின் புறச்செய்திகள் அல்ல, செய்யுளின் உறுப்புகளே. விளையாட்டுப் பாடலுக்கு இந்நோக்கு பெரிதும் பொருந்துகிறது. களனை நீக்கிவிட்டால் ‘ஸ்டில் அலைவ்’ தோல்வியிலும் தளராத ஒருவரின் ஊக்கப் பாடலாகிவிடும். அவ்வாறு கேட்பவர்களும் உள்ளனர்.

அறிக்கை என்னும் வடிவம்

பாடல் ஒலிக்கும்போது திரையில் பழைய கணினி முனையம் ஒன்று தோன்றுகிறது. கருந்திரையில் மஞ்சள் எழுத்துகள். இடப்பக்கத்தில் பாடலின் சொற்கள் குரலோடு ஒத்துத் தட்டச்சாகின்றன. வலப்பக்கத்தில் விளையாட்டை உருவாக்கியோர் பெயர்கள் ஓடுகின்றன. அவற்றின் கீழே எழுத்துக்குறிகளாலேயே வரையப்பட்ட சிறு படங்கள் மாறிமாறி வருகின்றன. பாடலின் சொற்களுக்கு மேல் தலைப்பாக இருப்பது ஒரு படிவ எண். அதனையடுத்து ‘சோதனை மதிப்பீட்டு அறிக்கை’ என்னும் பொருள்தரும் தொடர். எனவே வடிவத்தால் இது பாட்டாக அன்றி அலுவலகக் குறிப்பாகவே தொடங்குகிறது. முதற்சொற்களும் அதற்கேற்பவே அமைந்துள்ளன: சோதனை பெருவெற்றி என்று குறித்துக்கொள்ளப்படுகிறது, மனநிறைவு பதிவாகிறது.

அறிக்கை மொழிக்கே உரிய ஒரு பண்பு ‘நாம்’ என்பதன் பின் ஒளிந்துகொள்வது. நிறுவனம் முடிவெடுத்தது, நிறுவனம் வருந்துகிறது என்று எழுதும்போது முடிவெடுத்தவர் மறைந்துபோகிறார். கிளாடோஸும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, எல்லோருடைய நன்மைக்காகவும் செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்ற கருத்தைப் பன்மையில் முன்வைக்கிறது. உடனே, இறந்தவர்கள் நீங்கலாக, என்று ஒரு விலக்கும் சேர்கிறது. கேட்போர் சிரிக்கும் இடம் இது. அந்தப் பன்மையில் யார் யார் அடங்குவர் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். நச்சுவாயுவைப் பரப்பியதைக் கிளாடோஸே முன்னர் சொல்லியிருக்கிறது. ஆடுபவர் கடந்துவந்த அலுவலக அறைகள் யாவும் ஆளின்றிக் கிடந்தன. ‘நாம்’ என்று சொல்ல அங்கு எஞ்சியிருப்பது ஒரு குரல் மட்டுமே. விலக்கப்பட்டோர் தொகையே மிகுதி. விலக்கப்படாதோர் எவரும் கண்ணில் படவில்லை.

வேற்றுமை திரியும் இடம்

பாடல் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. ஒவ்வொரு பகுதியும் ஒரே தொடரில் சென்று முடிகிறது. இன்னும் உயிரோடிருக்கும் மக்கள் என்பது அத்தொடரின் கருத்து. தலைப்பும் அதிலிருந்தே வந்தது. முதற்பகுதியில், அறிவியல் நடைபெறுகிறது, நல்லதொரு கருவி உருவாகிறது, உயிரோடிருப்போர்க்காக என்ற பொருள். இரண்டாம் பகுதியில், எரிந்தது நன்மையே, எத்தனையோ கற்றுக்கொண்டோம், உயிரோடிருப்போர்க்காக என்ற பொருள். இரண்டிலும் அத்தொடருக்கு முன் நிற்கும் ஆங்கில முன்னிடைச்சொல் பயன்பெறுவோரைச் சுட்டுவது. மூன்றாம் பகுதியில் அதே தொடர், அதே மெட்டு, அதே இடம்; முன்னிடைச்சொல் மட்டும் வேறு. செய்ய வேண்டிய ஆய்வுகள் இன்னும் உள்ளன, உயிரோடிருப்போர்மீது.

ஓரசைச் சொல்லுக்குப் பதில் வேறோர் ஓரசைச் சொல். மெட்டில் எந்த நெருடலும் ஏற்படுவதில்லை. இருமுறை கேட்டுப் பழகிய செவி மூன்றாம் முறையும் பழைய சொல்லையே எதிர்பார்க்கிறது. பலர் பழைய சொல்லையே கேட்டதாகவும் எண்ணிக்கொள்ளக்கூடும். பாடலின் உண்மையான நிகழ்வு இதுவே. கேக் பற்றிய வேடிக்கையும் போட்டி நிறுவனமான பிளாக் மெசா பற்றிய கிண்டலும் (இது 1998இல் வெளியான ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டில் வரும் ஆய்வுக்கூடம்) இந்நிகழ்வைக் கவனியாதபடி செவியை வேறு பக்கம் இழுத்துச் செல்கின்றன.

தமிழ் இலக்கணம் இம்மாற்றத்தைத் துல்லியமாகப் பெயரிட உதவுகிறது. முதலிரண்டு இடங்களில் மக்கள் நான்காம் வேற்றுமைக்குரியோர். அறிவியலின் பயனைக் கொள்வோர். மூன்றாம் இடத்தில் ‘மேல்’, ‘மீது’ என்னும் இடப்பொருளில் வந்து ஏழாம் வேற்றுமைக்குரியோர் ஆகிறார்கள். பெறுவோராக இருந்தவர்கள் ஒரு செயல் நிகழும் இடமாக மாறிவிட்டனர். நிலத்தின்மேல் உழுவது போல, பலகையின்மேல் எழுதுவது போல, மக்களின்மேல் ஆய்வு. சோதனைக்கூடத்தின் உண்மையான இலக்கணம் தொடக்கத்திலிருந்தே ஏழாம் வேற்றுமைதான். நான்காம் வேற்றுமை அறிக்கைக்காகப் பூசப்பட்ட மெருகு.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. நன்னூலார் ‘கு’ உருபின் பொருள்களைத் தொகுக்கும்போது கொடை, பொருட்டு ஆகியவற்றோடு பகையையும் வைத்துள்ளார். பாம்புக்குக் கீரி பகை என்பது ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று. ஒருவர்க்கு மருந்து தருவதற்கும் ஒருவர்க்குப் பகையாவதற்கும் தமிழில் உருபு ஒன்றே. ஆகவே இப்பாடலைத் தமிழாக்க முனைபவர்க்கு இரண்டு வழிகள் உண்டு. ‘மீது’ என்று மாற்றி ஆங்கிலப் பாடலின் திருப்பத்தை வெளிப்படையாகக் காட்டலாம். அல்லது மூன்று இடங்களிலும் ‘உயிரோடிருப்போர்க்கு’ என்றே நிறுத்தி, கொடையாக ஒலித்த உருபு பகையாகக் கனப்பதைக் கேட்பவர் தாமே உணருமாறு விடலாம். ஆங்கிலத்தில் இயலாத இரண்டாவது வழி, மூலத்தின் கள்ளத்தனத்துக்கு இன்னும் நெருக்கமானது. அதனைத் தேர்வதே சிறப்பு.

இதனையடுத்துப் பாடல் தன் எழுவாயையும் மாற்றிக்கொள்கிறது. மூன்று முறையும் மக்களுக்கு அடையாக நின்ற ‘இன்னும் உயிரோடு’ என்னும் தன்மை, இறுதிப் பகுதியில் மக்களை விட்டு நீங்கிக் கூறுபவரிடம் வந்து சேர்கிறது. உயிரோடிருப்பது தானே என்று கிளாடோஸ் மீண்டும் மீண்டும் அறிவிக்கிறது. நிகழ்காலம் எதிர்காலமாகிறது, கேட்பவர் இறந்துகொண்டிருக்கையிலும், இறந்த பின்னரும் தான் உயிரோடிருக்கப்போவதாகச் சொல்கிறது. அடையை இழந்த மக்கள் இறந்தோர் பட்டியலுக்குச் சென்றுவிட, பாடலில் உயிர் உள்ளதாக எஞ்சுவது ஒன்றே. ‘யான்’ என்பதைத் தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களுள் வைத்தார் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வர வேண்டியது. படர்க்கையில் ‘அது’ என்று சுட்டப்பட வேண்டிய பொருள் தன்மையில் பேசத் தொடங்கிய கணத்திலேயே திணை மாறிவிடுகிறது. இக்கட்டுரை கிளாடோஸை அஃறிணையில் சுட்டுகிறது. பாடலோ அதனை மறுக்கிறது.

சினமின்மையும் இலேசமும்

தனக்குக் கோபமில்லை என்று கிளாடோஸ் பாடுகிறது. இதனை முரண்நகையாகவே கொள்வது வழக்கம்: கோபம் உண்டு, இல்லையென்று சொல்கிறது, ஆகவே நகைச்சுவை. விளையாட்டின் நிகழ்வுகளோடு ஒப்பிட்டால் இவ்விளக்கம் விரைவாகச் சொல்லப்பட்ட ஒன்று என்றே தோன்றும். நாயகி எரித்த உருண்டைகள் நான்கு. முதலில் கழன்று விழுந்தது அறவுணர்வுக்கானது. கூடத்தில் நச்சுவாயுவைப் பரப்பிய பின், இனி அவ்வாறு செய்யாதிருக்கத் தனக்குப் பொருத்தப்பட்டது என்று கிளாடோஸே அதனை விளக்குகிறது. மற்றொன்று கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று கேக் செய்முறையை ஒப்பித்தது. நான்காவது உறுமலும் சீறலுமன்றி வேறொன்றும் அறியாதது. ஆடுவோர் வழக்கில் அதற்குச் சின உருண்டை என்றே பெயர். அப்படியாயின் பாடும் குரல் சினம் எரிக்கப்பட்ட பின் எஞ்சிய குரல். கோபமில்லை என்பது அதன் வாயில் நேர்ப்பொருளில் உண்மையாக இருக்கலாம். அறவுணர்வும் அதனோடு எரிந்தது என்பதே அச்சந்தரும் செய்தி. வேற்றுமை ‘மீது’ எனத் திரிந்ததற்கு விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கும் காரணமும் அதுவே.

இவ்வாதத்துக்கு ஒரு தடை உண்டு. இறுதிக் காட்சியில் வேறு உருண்டைகள் ஒளிபெறுகின்றன. அவற்றுள் சினத்துக்கும் ஒன்று இருக்கலாம். இறுதிப் பகுதியில் குரல் சாவைப் பற்றிப் பேசும் ஊக்கம் அவ்வாறே ஐயுறச் செய்கிறது. ஆயினும் அறவுணர்வு திரும்பியதாகப் பாடலில் ஓர் அறிகுறியும் இல்லை.

பாடலின் மிகச் சிக்கலான இடம் எரிந்த நோவைப் பற்றிப் பேசுவது. உடல் பிய்த்தெறியப்பட்டுத் தீயில் இடப்பட்டபோது வலித்தது என்று ஒப்புக்கொள்ளும் குரல், கேட்பவரின் வெற்றியில் தனக்கு உண்டான மகிழ்ச்சியையே அவ்வலிக்குக் காரணமாகச் சொல்கிறது. தண்டியலங்காரம் இலேசம் என்னும் அணியைக் கூறுகிறது. உள்ளத்து உணர்வைக் காட்டிக்கொடுக்கும் மெய்ப்பாட்டுக்கு வேறொரு காரணம் கற்பித்து அவ்வுணர்வை மறைப்பது அவ்வணி. காதலால் கண்ணீர் வடிப்பவள் பூந்தாது விழுந்தது என்பது போன்றது. கிளாடோஸ் செய்வதும் அதுவே, ஆயின் தலைகீழாக. இலேசத்தில் நாணம் காரணமாக மறைப்பு நிகழும். கற்பித்த காரணம் நம்பத்தக்கதாகவும் இருக்கும். இங்கு மறைப்பதற்காகச் சொல்லப்படும் காரணமே நம்ப இயலாதது. ஆதலால் மறைப்பு வெளிப்பாடாகிவிடுகிறது. திரையில் மகிழ்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் கிளாடோஸ் என்னும் பெயரின் தொடக்க எழுத்துகளைப் போலவே பெரிய எழுத்துகளில் அச்சாவதும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது. மகிழ்ச்சி அதன் உணர்வு அன்று. அதன் பெயரில் ஒட்டியிருக்கும் ஒலி. செவிக்கு எட்டாத இச்சிலேடையைக் கண் மட்டுமே காண்கிறது.

கேக் பற்றியும் ஒரு சொல். கேக் என்பது பொய் என்ற சுவர்க்கிறுக்கல் விளையாட்டைக் காட்டிலும் புகழ்பெற்றுவிட்டது. அதனைப் பற்றிக்கொண்டு பாடலில் வரும் கேக்கையும் பொய் என்று விளக்குவோர், பாடலுக்கு முந்தைய காட்சியில் கேக் இருப்பதை மறந்துவிடுகின்றனர். பொய் கேக்கில் இல்லை. கேக்கின் மென்மையையும் சுவையையும் வாயும் நாவும் அற்ற ஒன்று புகழ்வதில்தான் இருக்கிறது.

கேட்போர்

பாடல் முன்னிலையில் அமைந்தது. நாயகியை விளித்துப் பேசுவது. நாயகியோ அதனைக் கேட்கும் நிலையில் இல்லை. அவள் மேலே வெளியில் கிடக்கிறாள்; குரல் கீழே நிலவறையில் ஒலிக்கிறது. கேட்பவர் ஆடுபவர் மட்டுமே.

அகப்பாடல்களில் சிறைப்புறம் என்றொரு மரபு உண்டு. தலைவன் வேலிப்புறத்தே நிற்பான். தோழி தலைவியிடம் பேசுவது போலப் பேசுவாள். சொல் சென்று சேர வேண்டிய செவி தலைவனுடையது. ‘ஸ்டில் அலைவ்’ பாடலில் நாயகி பெயரளவிலான கேட்போர். சிறைப்புறத்தே நிற்பவர் ஆடுபவர். வேறுபாடும் உண்டு. தலைவன் தான் கேட்கிறான் என்பதை அறிவான். அதனால் அவன் வரைவுக்கு முற்பட வேண்டும் என்பது தோழியின் நோக்கம். இங்கு ஆடுபவரிடம் எதிர்பார்க்கப்படுவது எதுவுமில்லை. அவர் கையில் இருந்த கருவி ஓய்ந்துவிட்டது. பல மணிநேரம் ஒவ்வோர் அசைவையும் தானே இயற்றியவர் இப்போது கேட்பதன்றி வேறொன்றும் செய்ய இயலாதவராக அமர்ந்திருக்கிறார். துணைப்பெட்டியை உலையில் இட்டதும் உருண்டைகளை எரித்ததும் அவர் விரல்கள். பிய்த்தெறிந்தாய் என்ற கருத்தில் பாடல் முன்னிலையில் பேசும்போது குற்றம் சாட்டப்படுவது கதைமாந்தர் அல்லர். மெட்டு துள்ளலாக இருப்பதால் அவர் புன்னகையோடு அதனை ஏற்றுக்கொள்கிறார்.

ஆங்கில முன்னிலைப் பெயரில் ஒருமை பன்மை வேறுபாடு இல்லை. மதிப்பு வேறுபாடும் இல்லை. தமிழாக்கத்தில் அறிக்கைப் பகுதிக்கு ‘நீங்கள்’ பொருந்தும். இறுதிப் பகுதிக்கு ‘நீ’யன்றி வேறு பொருந்தாது. மூலத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த இறக்கம் எவ்விடத்தில் நிகழ்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்தாக வேண்டும். வேற்றுமை திரியும் இடத்திலேயே அதனை அமைப்பது தகும்.

கூல்டன் என்றும் எழுதப்படும் கோல்ட்டன் இப்பாடலைத் தம் மேடைகளிலும் பாடிவருகிறார். மனிதக் குரலில், ஆண் குரலில் கேட்கும்போது சொற்கள் அனைத்தும் அவையே. ஆயினும் அது காதலில் கைவிடப்பட்டவன் வீம்புக்குப் பாடும் பாட்டாகச் சுருங்கிவிடுகிறது. கூற்று மாறியதன் விளைவு அது.

2010இன் திருத்தம்

சங்க அகப்பாடல்களுக்குப் பின்வந்தோர் இட்ட கூற்றுக் குறிப்புகள் பாடலின் பொருளை எவ்வளவு தூரம் ஆள்கின்றன என்பது ஆய்வாளர் அறிந்தது. தலைவி கூற்று என்று கொண்டால் ஏக்கமாக இருப்பது தோழி கூற்று என்று கொண்டால் இடித்துரையாக மாறும். பாடலில் ஓரெழுத்தும் மாறியிருக்காது. ‘போர்ட்டல்’ பாடலுக்கு இத்தகைய நிகழ்ச்சி கண்ணெதிரே நேர்ந்தது. 2010 மார்ச்சில் வால்வ் நிறுவனம் விளையாட்டின் இறுதிக்காட்சியைத் திருத்தியது. இடிபாடுகளுக்கிடையே கிடக்கும் நாயகியிடம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இயந்திரக் குரல் நன்றி கூறுகிறது; அவள் உடல் மீண்டும் கூடத்தை நோக்கி இழுத்துச் செல்லப்படுகிறது. சில நொடிகள்தான். அடுத்த ஆண்டு வரவிருந்த இரண்டாம் பாகத்துக்கு வழியமைப்பதே நோக்கம். பாடலில் கைவைக்கவில்லை.

2007இல் ஆடியவர்க்கு நாயகி தப்பியவள். வெளியேறுவதானால் போ, நான் உள்ளேயே இருந்துகொள்கிறேன், வெளியைப் பார்த்தால் நீயாக இல்லாததே நல்லது என்னும் கருத்துகள் எட்டாத பழத்தைப் புளிக்கும் என்ற நரியின் பேச்சு. உயிரோடிருப்போர்மீது ஆய்வு என்பதும் ஆளில்லாக் கூடத்தின் வெற்று மிரட்டல். 2010க்குப் பின் ஆடியவர்க்கோ நாயகி பிடிபட்டவள். போ என்று விடைகொடுக்கும் அதே சொற்கள் எலியைச் சற்றே விட்டுப் பிடிக்கும் பூனையின் விளையாட்டு. ‘மீது’ என்பதற்கு உடல் கிடைத்துவிட்டது. ஒரு பாடலுக்கு இரு பொருள்; இரண்டும் செல்லுபடியாகும். பழைய முடிவைக் கண்டவரும் புதிய முடிவைக் கண்டவரும் ஒரே பாடலைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு வாதிடுவது வீண். ஏட்டுச்சுவடியில் பாடவேறுபாட்டைக் குறிக்கும் பதிப்பாசிரியர் போல, விளையாட்டுப் பாடலை ஆராய்பவரும் எந்த ஆண்டின் வடிவத்தைக் கண்டார் என்பதைக் குறிப்பிடக் கடமைப்பட்டவர். சுவடிக்காவது பழைய வடிவம் எங்கேனும் எஞ்சியிருக்கும். இங்கு உரிமையாளர் திருத்தினால் பழையது ஆடுவோர் கணினியிலிருந்தே மறைந்துபோகிறது.

மூன்றாவது திருத்தம் 2011 ஏப்ரலில் வெளிவந்த ‘போர்ட்டல் 2’ வழியாக நேர்ந்தது. அதில் மீண்டும் இயக்கப்படும் கிளாடோஸ், இத்தனை காலம் தான் இறந்துகிடந்ததாகவே கூறுகிறது; தன் அழிவின் நொடிகளைத் திரும்பத்திரும்ப அனுபவித்ததாகவும் சொல்கிறது. முதற்பாடலின் தலைப்பையே இது பொய்யாக்குகிறது. உயிரோடிருப்பதாகப் பாடிய குரல் எந்த நிலையிலிருந்து பாடியது? அழிந்துகொண்டிருந்த இயந்திரம் நிரப்பிவைத்த கடைசிப் படிவமா? படிவ எண்ணோடு தொடங்கும் அறிக்கை என்ற வடிவம் இவ்விளக்கத்துக்கு இடமளிக்கிறது.

இரண்டாம் பாகத்தின் நிறைவுப் பாடலான ‘வான்ட் யூ கான்’ பாடலையும் கோல்ட்டனே எழுதினார்; மெக்லேனே பாடினார். கேரலைன் என்ற பெண்ணின் மனமே கிளாடோஸுக்கு அடிப்படையானது என்பது அப்பாகத்தில் வெளிப்படுகிறது. இறுதியில், கேரலைன் தன்னுள் எவ்விடத்தில் இருக்கிறாள் என்பதைக் கண்டறிந்து அவளை நீக்கிவிட்டதாகக் கிளாடோஸ் அறிவிக்கிறது. அதன் பின் ஒலிக்கும் பாடலில் கேரலைனும் உள்ளேயே இருப்பதாகச் சொல்லப்படுகிறது. வசனம் ஒன்று சொல்ல, பாடல் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் சொல்வது ஒரே வாய். வசனத்தை நம்பினால் முதற்பாடலுக்கு ‘பாடுகிறது’ என்னும் அஃறிணை வினையே நிலைக்கும். பாடலை நம்பினால் ‘பாடுகிறாள்’ என்று திருத்த வேண்டியிருக்கும். 2007இல் எழுதப்பட்ட சொற்களுக்கும் அத்திருத்தம் பின்னோக்கிச் செல்லும்.